புது மாநிலத்தில் எங்கே குடியிருக்கலாம்?

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மத்திய அரசுப் பணியில் ஐந்து மாநிலங்களில் ஏழு ஊர்களைப் பார்த்தவன் என்பதால் இந்தத் தலைப்பில் பேச நான் பொருத்தமானவன் என்று காரியதரிசி நினைத்துவிட்டார். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு ஊர்களிலும் நான் இடம் பார்த்துக் குடியேறவில்லை. இலாகா எந்தக் குவார்ட்டர்ஸை ஒதுக்கியதோ அங்கே பெட்டியை இறக்கினோம். பக்கத்திலேயே பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, அதே ஆபீஸில் வேலை பார்க்கும் பத்துக் குடும்பங்கள் இருந்தன. நமக்காக யாரோ யோசித்து வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு நம்மில் பலர் அறுபத்தைந்து, எழுபது வயதில் மாநிலம் மாறுகிறோம். பிள்ளை பெங்களூரில், பெண் புணேயில். நாகபுரியிலோ, போபாலிலோ, ஜாம்ஷெட்பூரிலோ நாற்பது வருஷம் இருந்தவர்கள் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிறார்கள். இந்தத் தடவை ஒதுக்கித் தர இலாகா கிடையாது. யோசிக்க வேண்டியவர்கள் நாமேதான். அந்த யோசனைக்கு உதவியாகச் சில விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்மவர்கள் அன்று எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

மும்பையில் மாதுங்கா, பெங்களூரில் மல்லேஸ்வரம், கல்கத்தாவில் லேக் மார்க்கெட், செகந்திராபாதில் மாரேட்பள்ளி, தில்லியில் கரோல் பாக் என்று ஒவ்வொரு நகரத்திலும் நம்மவர்களுக்கு ஒரு பேட்டை உண்டு. நம்மவர்கள் ஒன்றுசேர்ந்ததால் அவை நல்ல பேட்டைகள் ஆயின என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சரித்திரம் வேறு மாதிரிச் சொல்கிறது.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெருக்கமும் சாக்கடை வசதியின்மையும்தான் நோய் பரவக் காரணம் என்று கருதி, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை அரசு ஏற்படுத்தியது. தாதர், மாதுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களும், மரங்களும், கழிவுநீர்க் குழாய்களும் திட்டமிட்டு அமைக்கப்பட்டது அந்த டிரஸ்டின் முயற்சியால்தான். அதே 1898-ல் பெங்களூரிலும் பிளேக் பரவியது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அதற்குப் பிறகு காற்றோட்டமான புதிய விஸ்தரிப்புகளாக வளர்ந்தன. ஆக, இந்த இரண்டு ஊர்களிலும் நம்மவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் சுகாதாரத்தை மனத்தில் வைத்து உண்டானவை. குமாஸ்தா வேலைக்குப் போன நம் தாத்தாக்கள் ரயில் ஸ்டேஷன் பக்கம், கட்டுப்படியான வாடகை, சுத்தமான தெரு இவற்றைப் பார்த்துப் போனார்கள். கோயிலும், பள்ளிக்கூடமும், வாழை இலை விற்கும் கடையும் பின்னால் வந்தன. மாதுங்காவைச் சேர்ந்த தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது 1932-ல்தான்.

முதலில் இடம் நன்றாக இருந்தது, பிறகு நம்மவர்கள் சேர்ந்தார்கள் என்ற இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம். இன்றைக்கு "அந்த அபார்ட்மெண்டில் முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறார்களாம்" என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்பதற்குள் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வீடு பார்க்கப் போகும்போது எத்தனை படுக்கையறை, என்ன விலை, பிள்ளை ஆபீஸுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும்படி ஆனால், அந்த ஒருவர் இந்த இடத்தில் இருக்க முடியுமா?" என்பதுதான் அது.

இது அபசகுனமான பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். சாதாரணக் கணக்குதான். நம் தலைமுறையில் கணவனுக்கும் மனைவிக்கும் ஐந்தாறு வயது வித்தியாசம் இருப்பது சகஜம். நம் நாட்டில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களுடையதைவிட இரண்டு மூன்று வருஷம் அதிகம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மனைவி ஏழெட்டு வருஷமாவது தனியாக இருக்கப் போகிறாள். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும், பத்திரம் படிப்பதும், பாங்க் மானேஜரைப் பார்ப்பதும் ஆண்கள்தான். அதிக நாள் இருக்கப் போகிறவர் யாரோ, அவரைக் கேட்காமலே முடிவு செய்கிறோம்.

ஆகையால் நான் சொல்லும் பரீட்சை இதுதான். பிள்ளையின் காரும், செல்போனில் கூப்பிடும் டாக்ஸியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அம்மாள் காலால் நடந்தோ, பத்து நிமிஷம் ஆட்டோவில் போயோ ஐந்து காரியங்களை முடித்துக்கொள்ள முடிகிறதா? காய்கறி வாங்குவது, டாக்டரைப் பார்ப்பது, பாங்குக்குப் போவது, ஒரு கோயிலுக்குப் போய் வருவது, வாய்விட்டுப் பேச ஒரு மனுஷியைக் காண்பது ஆகிய ஐந்தும் முடிந்தால் அது குடியிருக்கத் தகுந்த இடம். இரண்டுதான் முடிகிறது என்றால், நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இருந்தாலும் அது நம் வயதுக்கான இடம் அல்ல.

எனக்குத் தெரிந்த தம்பதி பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெங்களூரின் கிழக்குக் கோடியில் பதினான்காவது மாடியில் ஃபிளாட் வாங்கினார்கள். இரண்டே வருஷத்தில் பிள்ளையைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் மேல் தப்பே இல்லை. அவன் வேலை அப்படி. காம்பவுண்டுக்கு வெளியே நடைபாதை கிடையாது. அடுத்த கடைக்கு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அவர்கள் பிள்ளையை நம்பி இடம் பார்த்தார்கள். இடத்தைப் பார்த்திருந்தால் பிள்ளை போன பிறகும் இடம் அங்கேயே இருந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் சரி, பதினைந்து நிமிஷ தூரத்தில் இருந்தாலும் சரி, பிள்ளை இல்லாமல் போனாலும் நிற்கக்கூடிய பேட்டையாகப் பாருங்கள்.

தண்ணீர்

நான் ரசாயனம் படித்தவன். அதனால் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதி வேண்டும்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு, ஐ.எஸ். 10500 என்று பெயர். அதன் 2012-ஆம் வருஷப் பதிப்பின்படி, கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மை 200-க்குள் இருப்பது நல்லது, 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள், நைட்ரேட் 45-க்குள் இருக்க வேண்டும். வாங்கப் போகும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைச் சாலையில் கொடுத்தால் சில நாளில் ரிப்போர்ட் வந்துவிடும். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பரிசோதனைக்கு முன்பே வீட்டு அம்மாள் கண்டுபிடித்துவிடுவாள். பாத்ரூம் வாளியில் வெள்ளைப் படலம், கீஸரில் சுண்ணாம்புப் பாறை, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு இவை மூன்றும் கடினநீரின் அடையாளங்கள். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் குழையாது. "அந்த ஊரில் நம் பருப்பு வேகாது" என்று சொல்கிறோமே, அது சில பேட்டைகளில் அட்சரசுத்தமான உண்மை! தண்ணீரை மிருதுவாக்கும் கருவி வைத்தால் கால்சியம் போய் அதற்குப் பதில் சோடியம் சேருகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவும் முக்கியம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. 2024 கோடையில் புறநகர்களில் போர்வெல்கள் வற்றி, டாங்கர் லாரிக்காக மக்கள் காத்து நின்றதைப் படித்திருப்பீர்கள். அதே வருஷம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காகத் தொடங்கி வைக்கப்பட்டது. "காவிரி வந்துவிட்டது" என்று தரகர் சொன்னால், அந்தத் தெருவுக்கு வந்ததா, அந்தக் கட்டடத்துக்கு இணைப்பு வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். அபார்ட்மெண்ட் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏப்ரல், மே மாதங்களின் டாங்கர் செலவைப் பார்த்தால் யாரையும் கேட்கவே வேண்டாம்.

மழையும் காற்றும்

தண்ணீர் இல்லாதது ஒரு கஷ்டம் என்றால், வேண்டாத இடத்தில் வருவது இன்னொரு கஷ்டம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. புணேயில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். 2015 டிசம்பரில் சென்னை, 2020 அக்டோபரில் ஹைதராபாத், 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதி, 2024 ஜூலையில் புணே சிங்ஹகட் சாலைப் பக்கம் என்று ஒவ்வொரு ஊரும் அதனதன் பாடத்தைக் கற்றிருக்கிறது. பல இடங்களில் மூழ்கியவை ஏரி, நீரோடை, ஆற்றங்கரை இவற்றின் மேல் வந்த புதுக் கட்டடங்கள்.

இதற்கும் எளிய சோதனைகள் உண்டு. பேட்டையின் பெயரைக் கவனியுங்கள். கன்னடத்தில் 'கெரே' என்றாலும், தெலுங்கில் 'செருவு' என்றாலும், மராத்தியில் 'தலாவ்' என்றாலும், தமிழில் 'ஏரி', 'தாங்கல்' என்றாலும் ஒரே பொருள்தான். ஊர் மறந்தாலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறப்பதில்லை. காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் பால்காரரிடமும் "போன மழையில் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது?" என்று கேளுங்கள். வீட்டை விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. மிக நுண்ணிய தூசி, அதாவது பி.எம். 2.5, ஒரு நாள் சராசரியாக கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2009-ல் நம் நாடு வகுத்த அளவு. தில்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நவம்பர் மாதத்தில் இது பல மடங்கு ஏறிவிடுகிறது. ஆஸ்த்மா உள்ளவர்கள் மார்ச்சில் போய் நொய்டாவில் ஃபிளாட் பார்த்துவிட்டு வராமல், நவம்பரில் பத்து நாள் தங்கிப் பார்க்கட்டும். பெங்களூரின் குளிரும் தூசியும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரியை மணிக்கணக்கில் அளக்க வேண்டும்

"ஆஸ்பத்திரி ஆறே கிலோமீட்டர்" என்று சொல்வார்கள். கிலோமீட்டர் நமக்கு உதவாது. மூளையில் ரத்தக்கட்டி அடைத்து பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்கேன் எடுத்து, டாக்டர் பார்த்து முடிக்க வேண்டும். எவ்வளவு முன்னால் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது. மாரடைப்பிலும் நிமிஷங்கள்தான் கணக்கு. ஆகையால் ஒரு வேலைநாள் மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். ஆன நேரம்தான் உண்மையான தூரம். அங்கே இரவிலும் ஸ்கேன் உண்டா, நம் இன்ஷூரன்ஸை ஏற்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் புதிய ஊரில் சி.ஜி.எச்.எஸ். மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வீடு பார்க்க வேண்டும். எழுபது வயது நிறைந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டபோது, சி.ஜி.எச்.எஸ்.ஸில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று விதிக்கப்பட்டது. அவசரப்பட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஸ்டிரெச்சர் நுழையும் லிஃப்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று சிலர்தான் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு வருஷம் வாடகை

இவ்வளவையும் ஒரு வாரத்தில் பார்க்க முடியாது. அதனால் என் முக்கியமான ஆலோசனை: புது மாநிலத்தில் முதல் வருஷம் வாடகைக்கு இருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு குளிர்காலம் மூன்றும் அந்தப் பேட்டையில் கழியட்டும். கூடியவரை பழைய வீட்டை அதற்கு முன் விற்காதீர்கள். திரும்பிப் போக ஒரு வாசல் இருந்தால்தான் மனம் நிதானமாக யோசிக்கும்.

வாடகையிலும் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு. மகாராஷ்டிரத்தில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று 1999-ஆம் வருஷத்து வாடகைச் சட்டமே சொல்கிறது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வெகுநாள் வழக்கம். பேரம் பேசிக் குறைக்கலாம்.

வாங்குவது என்று தீர்மானித்தால் பத்திரங்களின் பெயர்களே மாறிவிடும். நம் ஊரில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் என்கிறோம். கர்நாடகத்தில் 'கட்டா' என்பார்கள், அதிலும் ஏ, பி என்று உண்டு. பி கட்டா என்றால் கடன் வாங்குவதிலும் விற்பதிலும் சிக்கல் வரலாம். மகாராஷ்டிரத்தில் 'சாத்-பாரா' என்றும் 'இண்டெக்ஸ் டூ' என்றும் கேட்பார்கள். எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அந்த மாநிலத்து வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவரும் பில்டர் சிபாரிசு செய்த வக்கீலாக இருக்கக் கூடாது. 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டம் வந்த பிறகு, சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களின் விவரங்களை ஒவ்வொரு மாநிலத்து ரெரா இணையதளத்திலும் பார்க்கலாம். சுவருக்குள் உள்ள கார்பெட் ஏரியா எவ்வளவு என்று பில்டர் சொல்ல வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆக்குபன்சி சர்ட்டிபிகேட் கையில் வராத கட்டடத்தில் குடிபோக வேண்டாம்.

தோட்டத்தோடு ஒரு சிறு நிலம் வாங்கலாம் என்ற ஆசை சிலருக்கு உண்டு. இமாசலப் பிரதேசத்தில் அந்த மாநிலத்து விவசாயி அல்லாதவர்கள் அரசு அனுமதியின்றி நிலம் வாங்க 1972-ஆம் வருஷச் சட்டம் தடை விதிக்கிறது. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள்.

சில்லறைக் காரியங்களும் உண்டு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் காரை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்ற 8-ஆம் எண் படிவம். ஓய்வூதியர்களுக்கு 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் மூலம் எந்த ஊரிலிருந்தும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓய்வூதியக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். வீட்டுப் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்கட்டும். அந்தக் காகிதங்கள் எந்தப் பீரோவில் எந்தப் பையில் இருக்கின்றன என்பது வீட்டு அம்மாளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பாஷையும் அண்டை அயலாரும்

பேட்டையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, பேட்டையும் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த ஊர் பாஷை வேண்டும். இலக்கணம் வேண்டாம். ஐம்பது வார்த்தை, நூறு வரை எண்ணிக்கை, பஸ்ஸின் பெயர்ப் பலகை படிக்கும் அளவுக்கு எழுத்து இவை போதும். பேரனோடு சேர்ந்து படித்தால் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

புணேயில் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருத்தி இருக்கிறாள். அறுபத்திரண்டு வயதில் கல்கத்தாவிலிருந்து அங்கே போனவள். காய்கறிக்காரியிடம் பேசிப் பேசியே மராத்தி கற்றுக்கொண்டாள். மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பெண் வேறு ஊருக்குக் கூப்பிட்டும் போகவில்லை. "இங்கே எனக்குக் கடை தெரியும், டாக்டர் தெரியும், எதிர்வீட்டுக் காகுவிடம் சாவி இருக்கிறது. அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்கிறாள். காகு மராத்திக்காரி. காலையில் மாமி வாசலில் கோலம் போடவில்லை என்றால் முதலில் கதவைத் தட்டுவது அவள்தான்.

நம்மவர்கள் பக்கத்தில் இருப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் திவசத்துக்கும் சாஸ்திரிகள் வந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். பண்டிகைக்கு நாலு பேர் வருவதும், தமிழில் பேசுவதும் மனசுக்குத் தெம்பு. ஆனால் அதற்கு அரைமணி நேரம் பயணம் செய்யலாம். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் வரப்போகிறவர் அடுத்த கதவுக்காரர். அவர் எந்த ஜாதி, எந்த பாஷை என்று அந்த நேரத்தில் நாம் கேட்கப் போவதில்லை. பகலிலும் கேட்காமல் பழகி வைத்துக்கொள்வது விவேகம்.

தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் வெளியே இருந்தவருக்குத் தமிழ்நாடும் ஒரு புது மாநிலம்தான். பாஷை மட்டும்தான் தெரிந்தது. கும்பகோணத்திலும் கோயம்புத்தூரிலும் நாம் விட்டுவந்த தெரு இருக்கலாம், தெரிந்த முகங்கள் இருக்காது. முதியோருக்கென்று கட்டிய குடியிருப்புகள் கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்திருக்கின்றன. அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள். மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், படுத்துவிட்டால் பார்த்துக்கொள்வார்களா, ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு அதே உரிமை தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த ஊர் என்ற பாசத்துக்காக எந்தக் கேள்வியையும் தள்ளுபடி செய்ய வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்துக்கு இத்தனை நகரங்களில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்க்காரரும் தம் பேட்டையைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் என்ன? குழாய்த் தண்ணீரா, போர்வெல்லா, டாங்கரா, கடைசி மழையில் தெருவில் எவ்வளவு நின்றது, மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம், நடைபாதை உண்டா, காய்கறி எங்கே, சாஸ்திரிகள் எவ்வளவு தூரத்தில், வாடகை என்ன. பெருமையடிக்காமல் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் வீட்டு அம்மாள் எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. எது எங்கே கிடைக்கும், எது கிடைக்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஊர் வீதம் வந்தாலும், மூன்று வருஷத்தில் இருபத்துநாலு பேட்டைகளின் உண்மை விவரம் நம் கையில் இருக்கும். எங்கோ ஒரு ஊரில் வீட்டை விற்றுவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டு, தெரியாத மாநிலத்துக்கு ரயில் ஏறப் போகும் ஒரு தம்பதிக்கு அது உபயோகப்படும். காரியதரிசி இதைச் செயற்குழுவில் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பக்கத்தை எங்கள் வீட்டிலிருந்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.